ஈரக் கால் கிராணி

"இன்னொரு தும்மல் கேட்டேன், உன்னை மாவ்பி கிடங்குக்கு அனுப்பிவிடுவேன்" என்று துரை சொன்னபோது, நல்லையாவின் மூக்கில் அடுத்த தும்மல் பாதி வழி வந்துவிட்டிருந்தது. கண்ணில் நீர் முட்ட, அதை எப்படியோ விழுங்கினான்.

ரங்கூனில் ஓர் அரிசி ஆலை ஆபீஸில் அவன் கிராணி. துரை சொல்லச் சொல்லக் கடிதம் எழுதுவது வேலை. சில வருஷங்களுக்கு முன் ஊரையே வாரிக்கொண்டு போன விஷக் காய்ச்சலுக்குப் பிறகு, தும்மல் சத்தம் என்றாலே துரைக்குக் குலைநடுக்கம். மாவ்பியோ நெல் வயலும் கொசுவும். நல்லையாவின் மனைவி பவுனம்மாளுக்கு மொகல் தெருச் சந்தடி காதில் விழாவிட்டால் சோறு இறங்காது.

தும்மலின் வேர் அவன் காலில் இருந்தது. டிசம்பர் பிறந்ததிலிருந்து, சைக்கிளில் ஆபீஸ் போய்ச் சேருவதற்குள் இரண்டு பாதமும் நனைந்து விறைத்துவிடும். நனைத்தது, தெருவுக்குத் தண்ணீர் தெளிக்கும் மாட்டு வண்டி. அதன் பின்னால் போனால் சேறு தெறிக்கும். முந்தப் பார்த்தால், பீப்பாயின் குழாய் முழங்கால் வரை குளிப்பாட்டிவிடும்.

சைக்கிள் வாங்கிய அன்று, "டிராமையே முந்திருவேன் பாரு" என்று பவுனம்மாளிடம் மார்தட்டியவன் நல்லையா. இப்போது மாட்டு வண்டியிடம் தோற்றேன் என்று எந்த வாயால் சொல்வது?

"பனிதான். வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவைத்தான்.

"பனிக்கா மேஜோட்டைப் பிழிஞ்சா செம்புத் தண்ணி வருது?"

"பர்மாப் பனி அப்படித்தான்."

பவுனம்மாள் சும்மா இருப்பவள் இல்லை. மூன்றே நாளில் முரட்டுக் கம்பளியில் இரண்டு ஜோடி மேஜோடு பின்னினாள். இரண்டையும் மாட்டியதும் கால் யானைக்கால் ஆயிற்று. ஷூ ஏறவில்லை. நல்லையா கடைக்கார நண்பன் ஜாபரிடம் ஓடினான்.

"கப்பல்காரன் ஒருத்தன் விட்டுட்டுப் போன பூட்ஸ் இருக்குண்ணே. உங்க காலு என்ன, உங்க குடும்பமே உள்ள போகும்" என்றான் ஜாபர்.

மறுநாள் வண்டியை முந்தும்போது, பூட்ஸின் அகன்ற வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியது. வெளியே வர வழி இல்லை. கம்பளி குடித்தது போக மிச்சம் பூட்ஸுக்குள் தளும்ப, துரை அறைக்குள் 'சளக், சளக்' என்று நுழைந்தான். துரை பேனாவை வைத்துவிட்டு அவன் காலையே பார்த்தார். நல்ல வேளை, தும்மல் வரவில்லை.

"நாளையிலருந்து பிரேசர் தெரு வழியாப் போறேன்" என்றான் அன்று மாலை.

"அங்க பனி கம்மியா?"

"ரொம்பக் கம்மி."

"சரி, பார்த்துப் போங்க."

பிரேசர் தெருவில் திரும்பியதும் அவனுக்கு மூச்சு நின்றது. அதே வண்டி, அதே மாடு, வண்டிக்காரனின் அதே கறுத்த முதுகு! அடுத்த நாள், ஆற்றோரமாக ஸ்டிராண்டு ரோடு வழியாகப் போவதாகச் சொல்லி, அரை மணி முன்னாடியே கிளம்பினான். அங்கேயும் ரோடு பளபளவென்று நனைந்து கிடந்தது. ரோட்டுக் கோடியில் தண்ணீர் வண்டி ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. வண்டிக்காரன் இவனைப் பார்த்துச் சிரித்தது போலவும் இருந்தது.

"இந்தப் பனி என்னைத் தேடிப் பிடிக்குது பவுனு" என்றான் நடுங்கிக்கொண்டே. அவள் சுக்குக் கஷாயத்தை நீட்டி, காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்துவிட்டாள்.

ஜாபர் இன்னொரு யோசனை சொன்னான். "பசேன் குடைத் துணி இருக்குல்ல, எண்ணெய் ஊறினது? அதைக் காலுல சுத்திக் கட்டுங்க. ஒரு சொட்டு இறங்காது."

மறுநாள் டல்ஹௌசி தெரு வழி என்று பவுனம்மாளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினான். தண்ணீர் இறங்கவில்லைதான். ஆனால் மிதிக்கும் ஒவ்வொரு மிதிக்கும் 'சரக் சரக்' என்று சத்தம் எழும்ப, டல்ஹௌசி தெரு நாய்கள் எல்லாம் கூட்டம் போட்டுப் பின்னால் வந்தன. ஒன்று துணியின் முனையைக் கவ்வியது. நல்லையா காலை உதறினான். துணி அவிழ்ந்து சங்கிலியில் சுற்றிக்கொண்டது. சைக்கிள் நேராகத் தண்ணீர் வண்டியின் அடியில் போய்ச் சாய்ந்தது. குழாய் அவன் தலைக்கு மேலே திறந்திருந்தது.

உச்சி முதல் உள்ளங்கால் வரை சொட்டச் சொட்டத் துரை முன் நின்றவன், "குட் மார்னிங்" சொல்ல வாயைத் திறந்தான். வந்தது தும்மல். ஒன்றல்ல, ஏழு. துரை கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து ஒரே வார்த்தை சொன்னார்: "மாவ்பி."

கோணிப்போன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நல்லையா திரும்பினான். பவுனம்மாளிடம் இதை எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. வழியில் ஒரு மரத்தடியில் மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டிக்காரன் கருப்பையா வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். நல்லையா சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு அவன் முன்னால் போய் நின்றான்.

"ஏய்யா! எனக்கும் உனக்கும் என்ன பகை? தெருவை மாத்துறேன், நேரத்தை மாத்துறேன், எங்க போனாலும் முன்னாடி வந்து நிக்கிறியே! என் பொழைப்பே போச்சு!"

கருப்பையா பதறி எழுந்து, மென்ற வெற்றிலையைத் துப்பினான்.

"என்னங்க கிராணி ஐயா இப்படிக் கோவிக்கிறீங்க? எங்க வீட்டுக்காரருக்குப் புழுதி ஆகாது, அவர் போறதுக்கு முந்தி அந்த ரோட்டை நல்லா நனைச்சு வையின்னு, தெனம் விடியக்காலையில வந்து தெருப் பேரு சொல்லிட்டுப் போறதே உங்க வீட்டம்மாதானே!"