நல்லதம்பி அடுப்படியைத் திறந்துவிட்ட கதை

விலைவாசி ஏன் ஏறுகிறது என்பதை நல்லதம்பி கண்டுபிடித்தே விட்டார். குத்துக்கல்வலசையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற மனுசனுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்டுவிடாதீர்கள். போன ஞாயிறு குற்றாலத்தில் தின்ற பரோட்டாவின் விலையைக் கேட்டதிலிருந்து அவருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. வருசம் பூராவும் அவர் காத்துக் கிடப்பதே சீசன் ஞாயிறுகளுக்குத்தான். அருவியில் ஒரு குளியல், கையோடு பரோட்டா. அதில் போய்க் கை வைத்தால் சும்மா இருப்பாரா?

டீக்கடையில் விசாரித்தார். துபாயிலிருந்து லீவில் வந்திருந்த பக்கத்து வீட்டு அப்துல் மஜீது, டீசல்தான் காரணம் என்றார். ஒருவர் அரசாங்கம் நோட்டை அடித்துத் தள்ளுவதாகச் சொன்னார். இன்னொருவர், எல்லாம் சீசன் கூட்டம், ஆள் கூடினால் விலை கூடத்தான் செய்யும் என்றார். வீட்டுக்கு வந்து மனைவி முத்துசெல்வியிடம் ஒன்று விடாமல் ஒப்பித்தார். ஒப்பிக்கும்போதே மூன்றும் ஒன்றோடொன்று சிக்கி, நாலாவதாக ஒரு காரணம் பிறந்தது. அவனவன் சரக்கைப் பூட்டி வைத்துக்கொண்டு விற்கிறான், அதனால்தான் விலை ஏறுகிறது.

மறுநாளே கடைக் கம்ப்யூட்டரில் விண்டோஸைத் தூக்கிவிட்டு, காசு கொடுக்காமல் கிடைக்கிற, யார் வேண்டுமானாலும் உள்ளே பார்த்து மாற்றிக்கொள்ளும்படி பூட்டாமல் விட்டிருக்கிற லினக்ஸை ஏற்றினார். பிரிண்டர் அத்தோடு பேச்சை நிறுத்திக்கொண்டது. பிரிண்ட் எடுக்க வந்தவர்கள் எதிர்க்கடைக்கு நடந்தார்கள். இணையத்தில் முறையிட்டார். யாரோ ஒரு புண்ணியவான், எல்லாம் திறந்துதானே கிடக்கிறது, குறை சொல்கிறவர் தாராளமாகத் திருத்திக்கொள்ளலாம் என்று பதில் போட்டிருந்தான். நல்லதம்பிக்கு எங்கே தொட்டுத் திருத்துவது என்று ஒரு மண்ணும் விளங்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு பிடித்துப்போனது.

மத்தியானம் வீட்டில் புளிக்குழம்பு. தண்ணியாக இருக்கிறது என்றார். சின்ன வெங்காயம் விக்கிற விலைக்கு அவ்வளவுதான் வரும் என்றாள் முத்துசெல்வி.

"அடுப்படிய நீ பூட்டி வச்சிருக்கட்டி. உள்ள என்ன நடக்குன்னு யாருக்குத் தெரியும்? அதான் செலவு ஏறுது."

"அப்ப என்ன செய்யணுங்கீங்க?"

"லினக்ஸ் மாதிரி திறந்து விடணும். யாரு வேணாலும் பாக்கலாம், யாரு வேணாலும் மாத்தலாம்."

"குறை சொல்லுதவங்க?"

"அவங்களே திருத்திக்கிடலாம். அதுலதான் அழகே இருக்கு."

"அதுக்குக் காசு கேப்பாங்களோ?"

"சல்லிக்காசு கேக்க மாட்டாங்க. அது சேவைட்டி. வாராவாரம் அப்டேட் வேற சும்மாவே வரும்."

நல்ல யோசனையாகத்தான் தெரிகிறது என்றாள் முத்துசெல்வி. கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சொன்னதில்லை. அப்போதே மனுசன் உஷாராகியிருக்க வேண்டாமா? இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல சாரல். தலையில் எண்ணெய் வழிய, தோளில் துண்டோடு நல்லதம்பி வாசலுக்கு வந்தார். முத்துசெல்வியும் மாற்றுச் சேலைப் பையோடு நின்றாள். மஜீது காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார், அவர் மனைவி அலிமா உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் முத்துசெல்வி.

"அருவிக்குத்தான்."

"குழம்பு தண்ணியா இருக்குன்னீங்கள்லா? அடுப்படி திறந்துதான் கிடக்கு. திருத்தி வைங்க."

"சீசன் நேரத்துலயா?"

"ஆள் கூடினா விலை கூடும்னு நீங்கதான வந்து சொன்னீங்க? ஒரு ஆள் குறைஞ்சா பரோட்டா விலை கொஞ்சமாவது இறங்கும்லா."

எங்கேயோ தப்பு இருக்கிறது, எங்கே என்றுதான் பிடிபடவில்லை. அவள் சொன்ன ஒவ்வொன்றும் அவர் சொன்னதுதான். மஜீதின் முகத்தைப் பார்த்தார். அந்த மனுசன் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். கார் போய்விட்டது.

வெங்காயம் உரித்தே பாவம் அழுது தீர்த்தார். புளி எங்கே என்று போன் போட்டுக் கேட்டால், அருவி இரைச்சலுக்கு நடுவே, "எதையும் பூட்டல, தேடிப் பாருங்க" என்று பதில் வந்தது.

மத்தியானம் ஈரத்தலையும் சால்னா வாசமுமாக முத்துசெல்வி வந்தாள். குழம்பில் ஒரு கரண்டி எடுத்துக் கையில் ஊற்றி நக்கிப் பார்த்தாள். நல்லதம்பி பரீட்சை எழுதினவர் போலப் பக்கத்தில் நின்றார்.

"நல்லா கெட்டியா, ருசியா இருக்கு" என்றாள். வாய்விட்டுச் சிரித்துவிட்டார் நல்லதம்பி. அருவி போன துக்கம்கூடப் பாதி குறைந்துவிட்டது.

முத்துசெல்வி கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "வாராவாரம் அப்டேட் வரும்னீங்கள்லா? அடுத்த ஞாயிறும் வந்துரட்டும்."