பூட்டுக்கடைக்கு ஒரு மார்க்கெட்டிங் பிளான்

மதிப்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்த அன்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒரு குறையுமில்லை. அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். உங்கள் கிடங்கும் நன்றாக இருக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த மாதம் முதல் அதற்குள் உட்காரப் போகிறவன் நான்தான். அந்தச் சோகக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் நீங்கள் வந்திருந்தபோது என் கடை ஸ்டூலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள். அந்த ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு ஆள் படியேறினார், அவரும் பஸ் ஸ்டாப்புக்கு வழி கேட்டுவிட்டுப் போனார். உடனே நீங்கள், "மாப்ள, பிளான் இல்லாத கடை எத்தனை நாளைக்கு ஓடும்? ஒரு மாசம் டைம். எழுத்துல ஒரு மார்க்கெட்டிங் பிளான் அனுப்புங்க. முடியலன்னா கடைய ஏறக்கட்டிட்டு நம்ம கிடங்குக்கு சூப்பர்வைசரா வந்துருங்க" என்றீர்கள். உங்கள் தங்கை தலையாட்டிய வேகத்தைப் பார்த்து எனக்குக் கழுத்து வலித்தது. இருபத்திரண்டு வருஷக் கடை, மச்சான். நான் செய்த ஒரே குற்றம் நல்ல பூட்டாகப் பார்த்து விற்றதுதான். என்னிடம் பூட்டு வாங்கியவர் அதோடு சரி, பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்ப்பதில்லை. அதற்காகக் கடையை மூட எனக்கு மனசு வருமா? வராது. அதனால்தான் ஒரு நோட்டை வாங்கி, முதல் பக்கத்தில் 'பிளான்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன்.

நீங்கள் சொன்னபடி முதலில் 'நம் வாடிக்கையாளர் யார்' என்று யோசித்தேன். சாவியைத் தொலைத்தவர்கள் என்று எழுதினேன். உங்கள் தங்கை எட்டிப் பார்த்துவிட்டு, அப்படியானால் தயவுசெய்து எல்லோரும் சாவியைத் தொலையுங்கள் என்று நோட்டீஸ் அடிக்கப் போகிறீர்களா என்று கேட்டாள். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். அடுத்தது 'நம் போட்டியாளர் யார்'. மார்க்கெட் முனையில் புதிதாக நம்பர் பூட்டு விற்கிறவன் ஒருவன் வந்திருக்கிறான், அவன் எப்படி வியாபாரம் செய்கிறான் என்று பார்க்க வாடிக்கையாளர் மாதிரி போனேன். அவன் எனக்குக் காட்டுவதற்காக ஒரு பூட்டை எடுத்தான், அவனுக்கே அதன் நம்பர் மறந்துவிட்டது. அவன் திருகு திருகென்று திருகியதைப் பார்க்கச் சகிக்காமல் நான் வாங்கி, காதருகே வைத்து, இரண்டே நிமிஷத்தில் திறந்து கொடுத்தேன். அவன் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நம்பர் மறந்துபோன பூட்டு இன்னும் பதினாலு இருக்கிறது என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனான். வேவு பார்க்கப் போனவன் ஒரு மத்தியானம் முழுக்க எதிரியின் கடையில் சம்பளமில்லாமல் வேலை பார்த்துவிட்டு வந்தேன். உங்கள் தங்கை அன்றைக்குச் சாப்பாடு போடும்போது கரண்டி கொஞ்சம் பலமாகவே தட்டில் பட்டது.

மூன்றாவதுதான் மச்சான், மானத்தை வாங்கிவிட்டது. மக்களிடம் நேரில் போய்க் கேட்டு, அவர்களுக்கு என்ன தேவை என்று குறித்துக்கொள்ளச் சொன்னீர்கள். கடைக்காரன் என்று சொல்லிவிட்டால் முகத்துக்காக இனிப்பாகப் பேசுவார்கள், அதனால் யாரென்று சொல்லாமல் கேளுங்கள் என்றும் நீங்களேதான் சொன்னீர்கள். நானும் தேய்த்த சட்டை போட்டு, நோட்டும் பேனாவுமாகக் கடைக்குப் பின்தெருவில், அங்கே ஒருவர்கூட என் கடைப் படியேறாததால் முகம் தெரியாது என்ற தைரியத்தில், ஒன்றாம் நம்பரிலிருந்து ஆரம்பித்தேன். கேட்ட கேள்விகள் எல்லாம் தொழிலுக்கு அவசியமானவை. வீட்டில் எத்தனை பூட்டு, வாங்கி எத்தனை வருஷமாகிறது, சாவியை எங்கே வைப்பீர்கள், எந்தக் கிழமையில் எல்லோருமாக வெளியே போவீர்கள், திரும்ப எவ்வளவு நேரமாகும். சொன்னால் நம்பமாட்டீர்கள், பத்து வீட்டுக்காரர்களும் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். ஒரு அம்மா தண்ணீர்கூடக் கொடுத்தார். நான் பூட்டை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதிக்கொண்டே போனேன். மனசுக்குள் ஒரே குஷி, பிளான் தயாராகிறது என்று.

பதினொன்றாம் நம்பரில் இருப்பவர் தெருச் சங்கச் செயலாளர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நான் மூன்றாவது கேள்வியைக் கேட்டதும் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார். ஐந்து நிமிஷத்தில் தெருவே கூடிவிட்டது. அவர் என் காலரை ஒரு கையிலும் நோட்டை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, வருகைப் பதிவு எடுக்கிற குரலில் வாசிக்க ஆரம்பித்தார். "ரெண்டாம் நம்பர் வீடு. பூட்டு துருப்பிடிச்சது, பலமா தும்முனா தெறந்துக்கும். நாலாம் நம்பர். சாவி செருப்பு ஸ்டாண்டுக்குக் கீழ. சனிக்கிழமை சாயந்திரம் ஆள் கெடையாது. ஏழாம் நம்பர். பூட்டு புதுசு, தாழ்ப்பாள் ஒத்த ஆணியில தொங்குது." ஒவ்வொரு நம்பருக்கும் அந்தந்த வீட்டுக்காரர் முகம் வெளிறிப் போனது. அதே வேகத்தில் கடைசி வரிக்கு வந்து, "பதினொண்ணாம் நம்பர். கதவு கம்பீரம், பூட்டு பொம்மை" என்று அதையும் உரக்க வாசித்து முடித்த பிறகுதான் அது தன் வீடு என்பது அவருக்கு உறைத்தது. காலரில் பிடி இன்னும் இறுகியது.

வழியே போன யாரோ என்னை அடையாளம் கண்டு போய்ச் சொல்லி உங்கள் தங்கை ஓடி வந்தாள். வந்தவள் என்னைக் காப்பாற்றினாளா கவிழ்த்தாளா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. "விடுங்க சார், இவரு பூட்டுக்கடைக்காரரு. திருடுற அளவுக்கு சாமர்த்தியம் இருந்தா எங்கண்ணன் எதுக்கு வேலை போட்டுத் தரப் போறாரு?" என்றாள். தெரு சிரித்தது. செயலாளர் நோட்டை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டார். நாங்கள் இருவரும் வீடு வந்து சேர்ந்தோம்.

இனி அந்தத் தெருக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? ஆகவே மச்சான், நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். என்னிடம் பிளான் இல்லை, வரவும் வராது. சாயந்திரம் ஷட்டரை இறக்கும்போது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன். ஒன்றாம் தேதி காலை உங்கள் கிடங்கு வாசலில் நிற்பேன். ஜன்னலோரமாக ஒரு ஸ்டூல் மட்டும் போட்டு வைக்கவும்.

அங்கே பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சிறியவர்களுக்கு என் ஆசியையும் அவரவர் வயதுக்குத் தக்கபடி பிரித்துக் கொடுக்கவும். அக்காவின் முழங்கால் வலி சீக்கிரம் விட்டுப்போகட்டும்.

இப்படிக்கு,
பிளான் போட்டுப் பாழாய்ப் போன,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: மேலே உள்ளதை நேற்று எழுதி முடித்தேன். இன்று காலை சாமான்களை மூட்டை கட்டலாம் என்று ஷட்டரைத் தூக்கினால், வெளியே பதினைந்து பேர். அடிக்க வந்திருக்கிறார்கள் என்று பாதியில் இறக்கப் பார்த்தேன், இரண்டாம் நம்பர் அம்மா ஷட்டரைப் பிடித்துக்கொண்டு, "நேத்து ஊரு முழுக்கக் கேட்டாச்சே, இனிமே அந்தப் பூட்ட நம்பி நான் எங்க வெளிய போறது? நல்லதா ஒண்ணு குடுங்க" என்றார். பின்னாலேயே நாலாம் நம்பர், ஏழாம் நம்பர், எல்லோரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வாங்கினார்கள். செயலாளர் கடைசியில் வந்து, இருப்பதிலேயே பெரிய பூட்டை வாங்கிக்கொண்டு, நோட்டில் தன் வீட்டு வரியைத் தன் கையாலேயே அடித்துவிட்டுப் போனார். அடுத்த தெருவிலிருந்து இரண்டு பேர் வந்து, எங்கள் தெருவுக்கு எப்போது வருவீர்கள் என்று கேட்கிறார்கள். கல்லாவில் உட்கார்ந்து உங்கள் தங்கை, எல்லாம் எங்க வீட்டுக்காரர் போட்ட பிளான் என்று கூசாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆகவே மேலே எழுதியதில் ஆசியையும் முழங்காலையும் தவிர மற்றதை வாசிக்காததாக நினைத்துக்கொள்ளவும். ஸ்டூல் வேண்டாம். கிடங்கு வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடவும்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். போன தடவை அங்கே வந்திருந்தபோது நீங்கள் டீ சொல்லப் போன நேரத்தில், உங்கள் கிடங்குப் பூட்டை உங்கள் தங்கையின் ஹேர்பின்னால் திறந்து, உள்ளே ஒரு சுற்று சுற்றிவிட்டு, திரும்பப் பூட்டிவிட்டேன். நீங்கள் வருவதற்குள் முடிந்துவிட்டது. நோட்டில் அதையும் குறித்து வைத்திருக்கிறேன். நான் யாரிடமும் சொல்கிற ஆள் இல்லை. உங்கள் தெருவிலும் சங்கச் செயலாளர் என்று ஒருவர் இருப்பாரே, அவருக்கு உரக்க வாசிக்கிற பழக்கம் உண்டா என்று மட்டும் விசாரித்து எழுதவும்.