பொலிஸ் எழுதித் தந்த அண்ணா

பொய் சொல்வதில் எனக்குப் பெரிய கூச்சம் ஒன்றும் கிடையாது. என் குறை வேறு. இரண்டாவது பொய்யை யோசித்து வைக்காமலே முதலாவதைச் சொல்லிவிடுவேன். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்று அம்மா எத்தனையோ தரம் சொல்லியும் புத்தி வரவில்லை. வந்திருந்தால் என் குடும்பத்தார் இன்றுவரை சொல்லிச் சிரிப்பதற்கு வேறு ஆளைத் தேடியிருப்பார்கள்.

யுத்த காலம். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் அம்மாவும் நானும் குடியிருந்தோம். காப்புறுதி நிறுவனம் ஒன்றில் எனக்கு வேலை. வேலை முடிந்ததும் காலி வீதியில் ஒரு நெற் கஃபேக்குள் நுழைந்து ஒரு மணித்தியாலம் இருப்பேன். காதல், கத்தரிக்காய் என்று எதையும் கற்பனை பண்ண வேண்டாம் (கத்தரிக்காய் பின்னால் வரும்). அங்கே நான் போனது இணையத்தில் இருந்த ஒரு சமையல் கருத்துக்களத்துக்கு. ‘சட்டிபானை’ என்று பெயர். உலகம் முழுக்கச் சிதறிப்போன எங்கள் சனம் அதில் கூடி, பழப்புளியை எப்போது விடுவது என்று தினமும் சண்டை பிடித்தது.

அந்தக் களத்தில் ஒரே ஒரு சட்டம்தான். ஒருவரின் பேரை, ஊரை, வேலையை மற்றவர் கேட்கக்கூடாது. யார் எங்கிருந்து வாசிக்கிறார்கள் என்று தெரியாத காலம், பயம்தான் காரணம். ஆகையால் எல்லோரும் சாப்பாட்டுப் பேர் வைத்துக்கொண்டோம். நான் மிளகாய்த்தூள். என்னுடைய பரம எதிரியின் பேர் கத்தரிக்காய். கத்தரிக்காயை எண்ணெயில் பொரித்துக் குழம்பு வைப்பதா, வதக்கி வைப்பதா என்று அவரும் நானும் ஆறு மாதமாக அடிபட்டுக்கொண்டிருந்தோம்.

எங்களுக்கு நடுவே நின்று விலக்குப் பிடித்தவர் ரசம் அக்கா. அமெரிக்காவில் ஏதோ கடற்கரைப் பட்டினத்தில் இருந்தார். ஒருநாள் அந்தப் பக்கம் சூறாவளி அடித்தது. ஒன்பது நாள் அக்காவின் சத்தமே இல்லை. பத்தாம் நாள் இரண்டு வரி எழுதினார். வீட்டுக் கூரை போய்விட்டதாம். அயலவர்களோடு ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் படுத்திருக்கிறாராம். முன்பு எங்கள் பக்கத்தில் வெள்ளம் வந்தபோது ஆள் தெரியாமலே பெட்டி பெட்டியாக உடுப்பு அனுப்பிய மனிசி. நெற் கஃபேயிலேயே நான் வாய்விட்டு அழுதேன். பக்கத்துக் கதிரைக்காரர் எழும்பி வேறு கதிரைக்குப் போய்விட்டார்.

அழுது முடித்த கையோடு களத்தில் அறிவித்தேன்: கொழும்பில் இருக்கிறவர்கள் ஆளுக்கொரு கறி சமைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வாருங்கள், பார்சல் கட்டி விற்று அக்காவுக்கும் அவரோடு இருக்கிறவர்களுக்கும் காசு அனுப்புவோம். விலாசத்தைத் தனித்தனியாக அனுப்பினேன். அம்மாவிடம் மட்டும் முதல்நாள் இரவுதான் சொன்னேன்.

ஞாயிறு காலை கதவைத் திறந்தவர் அம்மா. வாசலில் பெரிய சட்டியோடு ஒரு கிழவர் நின்று, “நான் இடியப்பம், கொட்டாஞ்சேனையில இருந்து வாறன்” என்றாராம். (பிறகுதான் தெரியும், ஓய்வுபெற்ற தபாலதிபர்.) அடுத்ததாகப் பாற்சோறு வந்தார், அவர் ஒரு தாதி. கடைசியாக ஒல்லியான ஒரு இளைஞர் மூடிய சட்டியொன்றை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து, யாரையும் பார்க்காமல், “கத்தரிக்காய்” என்றார். அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்தார்.

“பேர் தெரியாத ஆக்களையோ பிள்ளை வீட்டுக்குள்ள எடுத்து வச்சிருக்கிறாய்?”

பேர் கேட்பது களத்தின் சட்டத்துக்கு விரோதம் என்று நான் பெரிய கொள்கைவாதிபோல விளக்கினேன். அம்மா தலையில் கையை வைத்தார்.

பத்து மணியளவில் கீழே பொலிஸ் ஜீப் வந்து நின்றது. சுற்றிவளைப்பு. மாடி மாடியாக ஏறி வந்தார்கள். அந்த நாட்களில் வீட்டிலுள்ளவர்களைப் பொலிசில் பதிந்து, அந்தப் படிவத்தைக் கைக்கெட்டிய இடத்தில் வைத்திருக்க வேண்டும். எங்கள் படிவத்தில் இருந்தது இரண்டு பேர். கூடத்தில் இருந்தது ஐந்து பேர்.

வந்த அதிகாரி நடுத்தர வயதுக்காரர்; களைத்துப்போன முகம். இவர்களெல்லாம் யார் என்று சிங்களத்தில் கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். அமெரிக்காவில் சூறாவளி, அங்கே பாதிக்கப்பட்டவர்களுக்குக் காசு சேர்க்கிறோம் என்றேன்.

“அமெரிக்காவுக்கு?” என்றார் அவர். காரை உதிர்ந்த எங்கள் சுவரை ஒருமுறை பார்த்தார். பிறகு இடியப்பத்தைக் காட்டி, இவரின் பேர் என்ன என்று கேட்டார். தெரியாது என்றேன். பாற்சோற்றின் பேரும் தெரியாது என்றேன். எப்படிப் பழக்கம்? கம்பியூட்டரில். எத்தனை நாளாக? இரண்டு வருசமாக. உண்மை சொல்லச் சொல்ல என் கதை மோசமாகிக்கொண்டே போனது. வாழ்க்கையில் அன்றைக்குப்போல ஒருநாளும் நான் தொடர்ந்து உண்மை பேசியதில்லை.

அடையாள அட்டைகளைப் பார்த்தார். மற்ற இருவரும் கொழும்பு விலாசக்காரர்கள், திருப்பிக் கொடுத்தார். கத்தரிக்காயின் அட்டையில் யாழ்ப்பாண விலாசம். வேலைக்காக வந்து மூன்று கிழமைதானாம். பதிவுத் துண்டு கொட்டாஞ்சேனை லொட்ஜில், முதலாளியின் மேசை லாச்சிக்குள் இருந்தது. ஒருக்கா ஸ்டேசனுக்கு வந்துவிட்டுப் போகட்டும் என்று அதிகாரி சாதாரணமாகச் சொன்னார்.

அந்த ‘ஒருக்கா’ ஒரு மணித்தியாலமா, ஒரு வருசமா என்று அப்போது எவராலும் சொல்ல முடியாது. கத்தரிக்காய் சட்டியை மேசையில் வைத்தும் அதிலிருந்து கையை எடுக்கவில்லை. மூடி கிடுகிடுவென்று நடுங்கியது. நான் கூப்பிட்டதால் வந்த பிள்ளை. வாய் தன்பாட்டில் திறந்தது.

“அவர் என்னுடைய அண்ணா” என்றேன் சிங்களத்தில்.

அதிகாரி அடையாள அட்டையை உள்ளங்கைக்குள் கவிழ்த்துக்கொண்டார்.

“அண்ணாவின் பேர் என்ன, நங்கி?” தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார்.

பார்த்தீர்களா, இரண்டாவது பொய் தேவைப்படும் இடம் இதுதான். நான் கூரையைப் பார்த்தேன். மின்விசிறியைப் பார்த்தேன். அதிகாரி அம்மாவின் பக்கம் திரும்பி, உங்கள் மகனா என்று கேட்டார். அம்மாவின் சிங்களம் மரக்கறிச் சந்தையைத் தாண்டாது. ஆனால் அந்தக் கேள்வி விளங்கியது. ஒரேயொரு பிள்ளை பெற்ற என் அம்மா, நடுங்கிக்கொண்டிருந்த அந்த மூடியைப் பார்த்தார்.

“ஓம். என்ர மூத்தவன்” என்று தலையை ஆட்டினார்.

அதிகாரி சட்டியைத் திறந்தார். வாசம் கூடமெல்லாம் பரவியது. யார் சமைத்தது என்று கேட்டார். அண்ணாதான் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சட்டிக்குள் அரை விரற்கடைக்கு எண்ணெய் மிதந்தது. ஆறு மாதக் கோபம், பயத்தோடு சேர்ந்து பீறிட்டது.

“இதைத்தானே நான் அண்டு தொட்டுச் சொல்லுறன், பொரிச்சால் எண்ணெய் குடிக்குமெண்டு!”

“வடிச்சுத்தான் போட்டனான்” என்றார் கத்தரிக்காய். அவர் என்னுடன் நேரில் பேசிய முதல் வசனம் அது. “உங்களுக்குக் கத்தரிக்காயைப் பற்றி என்ன தெரியும்? வெந்தயத்தையே கருக்கிற ஆள்.”

“நான் எப்ப கருக்கினனான்?”

“போன மாசம். நீங்களே எழுதினீங்கள்.”

ஸ்டேசனுக்குக் கொண்டுபோக இருந்த மனிதன் வெந்தயத்துக்காக வாதாடிக்கொண்டிருந்தான், நானும் விடவில்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். வாசலில் நின்ற கொன்ஸ்டபிள் வேறு பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினான். அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. சண்டை விளங்கியிருக்க வேண்டும். தன் வீட்டிலும் மகனும் மகளும் இப்படித்தான் என்றார். கொப்பியைத் திறந்து, எங்கள் வீட்டு விலாசத்துக்குக் கீழே ஏதோ எழுதினார். தாய், மகள், மகன் என்று எழுதியதாகச் சொன்னார்.

பிறகு அடையாள அட்டையை நிமிர்த்தி, அதிலிருந்த சிங்கள எழுத்தைக் கூட்டி வாசித்தார்.

“கதிரவேலு முகுந்தன். உன் அண்ணாவின் பேர். இனிமேல் மறக்காதே, நங்கி.”

அட்டையை என் கையில் தந்தார். நாளைக்கே பதிவுத் துண்டை எடுத்துக்கொள்ளச் சொன்னார். போகும்போது ஒரு கத்தரிக்காய்ப் பார்சலைக் கட்டுவித்து எடுத்துக்கொண்டு, நாங்கள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, ஒரு காசுத் தாளை மேசையில் வைத்தார். அமெரிக்காவுக்குத் தன்னுடைய பங்காம்.

ஜீப் போன சத்தம் கேட்டபின் நான் நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். தபாலதிபர் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. சோற்றைப் போட்டு, “முதல்ல சாப்பிடுங்கோ தம்பி” என்று முகுந்தன் முன்னால் வைத்தார். அந்தப் பிள்ளை ஒரு வாய் உண்டதும் விம்மி விம்மி அழுதார். அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு லேசாகிறது.

பின்னேரத்துக்குள் பார்சல் எல்லாம் விற்றுவிட்டது. டொலராக்கிப் பார்த்தால் சிரிப்பு வரும் தொகைதான். ரசம் அக்கா அதில் பெரிய பானை ஒன்று வாங்கி, மண்டபத்திலிருந்த அத்தனை பேருக்கும் ரசம் வைத்துக் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பினார்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருசத்தில் நான் அந்த அண்ணாவைக் கலியாணம் முடித்தேன். (எண்ணெய் விசயத்தில் இன்றுவரை சமாதானம் இல்லை.)

மகளுக்குக் காது குத்தும்போது, தாய்மாமன் மடியில் பிள்ளையை இருத்துங்கோ என்றார் ஐயர். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லையே, ஒன்றுவிட்ட அண்ணன் எவரையாவது கூப்பிடுவோமா என்று நான் தடுமாறினேன். அம்மா அசையவில்லை. என் கணவரைக் கைகாட்டினார்.

“மாமன் இங்கதான் நிக்கிறார் ஐயா. பொலிசிலயே எழுதிக் கிடக்கு.”

வந்திருந்த சனம் முழுக்கச் சிரிக்க, அவர் சப்பணம் கட்டி இருந்து பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார். மகள் இப்போது வளர்ந்துவிட்டாள். ஏதும் வேண்டுமென்றால் முதலில் அப்பாவிடம் கேட்பாள். அப்பா ‘இல்லை’ என்று சொன்னால், கொஞ்சம் பொறுத்து, மாமா என்று கூப்பிட்டுக்கொண்டு அவரிடமே திரும்பி வருவாள். மாமா ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை.