சீமாட்டி எழுதிய மூன்றாம் பாகம்

ஆங்கில இலக்கியத்தின் மகிமை முழுவதும் அந்த ஆண்டு இங்கிலாந்தின் பாத் நகரத்தில் ஒரு பெண்மணியின் இடுப்புவலி மேல்தான் நின்றுகொண்டிருந்தது. திங்கட்கிழமை துணி வெளுப்பு, செவ்வாய் இஸ்திரி. மிச்ச நேரத்தில், சவுக்காரத்தில் வெந்த விரல்களோடு, அடுப்படி மேசையில் மாவை ஒதுக்கிவிட்டு ஹெப்சிபா டிரென்ட் நாவல் எழுதினாள். இரண்டு பாகங்கள் அச்சாகிவிட்டன. முகப்பில் 'ஒரு சீமாட்டி எழுதியது' என்று மட்டும் இருந்தது. மானமுள்ள வீட்டுப் பெண்ணின் பெயர் கல்யாணத்துக்கும் சாவுக்கும் தவிர அச்சேறக் கூடாது என்பது அந்த நாட்டின் உயர்ந்த பண்பாடு.

மூன்றாம் பாகத்திலாவது தன் பெயர் வர வேண்டும் என்று புருஷனிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள். சட்டப்படி, மனைவியின் புத்தகத்துக்குப் பதிப்பாளரிடம் கையெழுத்துப் போடும் 'உரிமை' அவருக்குத்தான். உதவிப் பாதிரியார் அகஸ்டஸ் டிரென்ட் ஆழ்ந்து யோசிப்பவர். பெரும்பாலும் சாப்பிட்ட பிறகு, கண்ணை மூடிக்கொண்டு.

அந்தச் சீமாட்டி யார் என்று தீர்மானிக்க நகர வாசகர் சங்கம் அவர்கள் வீட்டிலேயே அவசரமாகக் கூடியது.

"பொம்பளையா இருக்க வாய்ப்பே இல்ல. வாக்கியத்துல முதுகெலும்பு இருக்கு," என்றார் தலைவர் கர்னல் பிளைத்.

"சமையக்கட்டு வாசனையே அடிக்கலையே," என்றாள் அவர் தங்கை லவீனியா, ஹெப்சிபா சுட்ட கேக்கை மென்றபடி.

கர்னல் திரும்பினார். "பாதிரியாரே, மறைக்காதீங்க. நீங்கதானே?"

அகஸ்டஸ் தலைகுனிந்தார். "புகழ் எனக்கு ஆகாதுங்க. அதான் சீமாட்டி வேஷம்."

கைதட்டல். ஹெப்சிபா கையில் தேநீர்க் கெண்டி அந்தரத்தில் நின்றது.

"ஏம்மா, அவர் எழுதுறப்போ நீ என்ன பண்ணுவே?" என்று அவளைக் கேட்டார் கர்னல்.

"பேனாவைப் பிடிச்சுக்குவேங்க."

"உத்தமி!" என்று உருகினார் கர்னல்.

லவீனியாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "ரெண்டாம் பாகத்து முடிவுல ரோசமண்ட் கோட்டை மேலருந்து தொங்குறா, கயிறு அறுந்துட்டிருக்கு. எப்படிப் பொழைப்பா? சொல்லுங்க பாதிரியாரே!"

அகஸ்டஸ் மனைவியைப் பார்த்தார். "ஹெப்சி, நான் என்ன யோசிச்சு வெச்சிருந்தேன்?"

"உங்க யோசனை எனக்கெப்படிங்க தெரியும்? இன்னொரு துண்டு கேக் வைக்கவா?"

எல்லோரும் போனதும் அகஸ்டஸ் கெஞ்சினார். "சபையில சொல்லிட்டேன், மாத்த முடியுமா? நீ எழுதுடி. பேரு மட்டும் என்னோடது."

அவள் மைக்கூட்டையும் இறகுப்பேனாவையும் அவர் மடியில் வைத்தாள். "எழுதுங்க, ஆசிரியரே." பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுக்கப் போனாள்.

தேவாலயச் சுவரில் இன்று 'இலக்கிய மாமேதை டிரென்ட்' என்ற சலவைக்கல் பளபளக்கிறது. கீழே, 'மற்றும் மனைவி'. ரோசமண்ட் இன்னும் தொங்குகிறாள். மாமேதை வாசகர்களுக்கு ஒரு மூன்றாம் பாகம் பாக்கி. கைதட்டிய ஊர் ஹெப்சிபாவுக்கு ஒரு பெயர் பாக்கி.