கழுகுக்குப் பழகின மனுஷன்

"இந்த வருஷம் முகம்!"

பல் தேய்த்துக்கொண்டே சபதம் போட்டார் கண்ணாடிக்காரர். நுரை சுவரெல்லாம் தெறித்தது.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து ஊர்க் கண்ணுக்கெல்லாம் பார்வை பார்க்கிறவர் அவர். ஆனால் புகைப்படச் சங்கத்தில் அவருக்குப் பெயர் வேறு. 'வால்'. எந்தப் பறவையாக இருந்தாலும் சரி, இவர் பொத்தானை அழுத்துகிற நேரம் பார்த்துக் கிளம்பிவிடும். மிஞ்சுவது வால்தான். கொக்கு வால், மரங்கொத்தி வால், ஒரு தடவை பறவையைத் துரத்திக்கொண்டு போன பூனையின் வால். சங்கத் தலைவர் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர். "என்ன வால் சார், இந்த வருஷம் யாரோட பின்பக்கம்?" என்று கேட்டுவிட்டு முப்பத்திரண்டையும் காட்டுவார்.

இந்த வருஷக் கண்காட்சிக்குத் தலைப்பு 'அருகிவரும் உயிரினங்கள்'. அதற்கென்றே சொல்லி அனுப்பியதுபோல ஒரு கழுகு, காலை வேளையில் கண்ணாடிக்காரர் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேல் வந்து உட்கார ஆரம்பித்திருந்தது. ஏரிக்கரை மரங்களையெல்லாம் வெட்டிச் சாய்த்தபிறகு அந்தப் பக்கத்தில் மிஞ்சியது ஒரே ஒரு கழுகு ஜோடிதான். அதில் அவருக்கு நிஜமாகவே வருத்தம். அது இருக்கும்போதே முகத்தோடு ஒரு படம் எடுத்துச் சுவரில் மாட்டிவிட வேண்டும். அப்புறம் எவன் 'வால்' என்று கூப்பிடுவான், பார்க்கலாம்.

இதில் இன்னொரு சௌகரியமும் இருந்தது. அதை மனைவியிடம் பக்குவமாக எடுத்துவிட்டார்.

"இனிமே காலையில நான் மாடியிலதான். போர்வையை மூடிக்கிட்டு அசையாம உட்காரணும். கை காலை ஆட்டவே கூடாது. அதனால வீட்டு வேலை எதுவும்..."

"செய்ய முடியாது."

"பார்த்தியா, நீயே புரிஞ்சுக்கிட்டே!"

வீட்டுக்காரம்மா தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் இருப்பவர். ஒட்டின உறைக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கொண்டுவருகிறவர் முகத்திலேயே படித்துவிடுவார். இப்போதும் படித்தார்.

ஒரு வாரம் போர்வைக்குள் வெந்தார் கண்ணாடிக்காரர். கழுகு வரும். மாடியில் ஒரு மூட்டை மூச்சு விடுவதைப் பார்க்கும். பறந்துவிடும். படத்தில் வால்.

"ஏங்க, ஒருத்தர் போர்வைக்குள்ள உட்கார்ந்து உத்து உத்துப் பார்த்தா நானே ஓடிடுவேன்," என்றார் மனைவி. "தன்னைக் கவனிக்கிற ஆளைக் கண்டாதான் கழுகுக்குப் பயமாம். தன் பாட்டுக்கு ஏதாவது வேலை செஞ்சுக்கிட்டிருந்தா கண்டுக்காதாம். படிச்சேன்."

"என்ன வேலை?"

"ஏதோ ஒண்ணு. துணி காயப்போடறது..."

"துணியா? பல் டாக்டர் பார்த்தா என் மானம் போயிடும்டி!"

"உங்களுக்குக் கழுகு வேணுமா, மானம் வேணுமா?"

கழுகுதான் வேண்டியிருந்தது. கேமராவைத் துணிக்கூடையில் தலையணை உறைகளுக்கு அடியில் ஒளித்துவைத்துக்கொண்டு மறுநாள் மாடி ஏறினார்.

ஆச்சரியம்! கழுகு பறக்கவில்லை. தொட்டியின் அந்தக் கோடிக்கு நகர்ந்ததோடு சரி.

"பார்த்தீங்களா? மாடியைக் கூட்டினா இன்னும் கிட்ட வரும்."

கூட்டினார். வந்தது.

"தொட்டியைக் கழுவினா?"

கழுவினார். கழுகு பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தது.

அதற்குப்பிறகு மிதியடி, ஜன்னல் திரை, எதற்கென்றே தெரியாத ஒரு பழைய கம்பளம் எல்லாம் மாடி ஏறின. பல் டாக்டர் தன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன சார் இதெல்லாம்?" என்றார். "ஆராய்ச்சி," என்றார் கண்ணாடிக்காரர், வாளியை மறைத்துக்கொண்டு.

கடைசியில் அந்தக் காலையும் வந்தது. இரண்டு கையிலும் ஈரப் போர்வை. வாயில் துணிக் கிளிப். தலையைத் தூக்கினால், கொடிக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டுகிற தூரத்தில் கழுகு. அவரை நேருக்கு நேர் பார்த்தது. மஞ்சள் கண். கண்ணுக்கு மேலே புருவம்போல ஒரு எலும்பு. வருஷக்கணக்கில் கண் பார்த்தவர், இப்படி ஒரு கண்ணைப் பார்த்ததில்லை. கேமரா எடுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. 'போயிடாதே, இன்னும் கொஞ்ச நேரம் இரு,' என்று கிளிப்பைக் கடித்தபடியே மனசுக்குள் கெஞ்சினார். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

அது போக எழும்பியபோதுதான் ஞாபகம் வந்தது. போர்வையைப் போட்டுவிட்டுக் கூடைக்குள் பாய்ந்தார். கேமராவை உருவினார். அழுத்தினார்.

வால்.

கண்காட்சியில் அந்த வால் கழிப்பறைக்குப் போகிற வழியில் மாட்டப்பட்டிருந்தது. கூட்டமெல்லாம் முதல் பரிசு வாங்கின படத்துக்கு முன்னால். பெண்கள்தான் அதிகம். கண்ணாடிக்காரர் எட்டிப் பார்த்தார்.

கழுகின் முகம்! கண்ணும் அலகும் அத்தனை தெளிவு. அதற்கு எதிரே, வாயில் கிளிப்போடு, கையில் ஈரப் போர்வையோடு, கண் கலங்கி நிற்கிற ஒரு மனுஷன். படத்தின் பெயர், 'அருகிவரும் இனம்'. எடுத்தவர், அவர் மனைவி. மாடிப்படிக் கதவு இடுக்கிலிருந்து, செல்போனில்.

"இதுல எதுங்க அருகிவர்ற இனம்?" என்றார் ஒரு பெண்மணி.

"கழுகாவது ஜோடியா இருக்கு. இவர் ஒருத்தர்தான் மிச்சம் போல," என்றார் இன்னொருவர்.

கண்ணாடிக்காரர் மனைவியை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். "துணி காயப்போட்டா கழுகு பயப்படாதுன்னு எதுல படிச்சே?"

"உங்க முகத்துலதான். கை காலை ஆட்ட மாட்டேன்னீங்களே, அன்னிக்கே படிச்சுட்டேன்."

அவர் பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள் பல் டாக்டர் மைக்கைப் பிடித்துவிட்டார். "இந்தக் கழுகு நம்ம ஊர்ல தங்கணும்னா ஒண்ணே ஒண்ணுதான் வழி. அது பழகின சூழலை நாம மாத்தவே கூடாது. அந்த மாடியில தினம் என்ன நடக்குதோ, அது அப்படியே நடக்கணும்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. கழுகு தங்க வேண்டுமே என்ற ஆசையில் கண்ணாடிக்காரரும் பலமாகத் தட்டிவிட்டார்.

மனைவி அவர் காதோரம் குனிந்தார். "கை நல்லாத்தான் ஆடுது. போர்வை ஊறவெச்சிருக்கேன்."