நாற்பத்தேழாம் எண் வண்டி

நாற்பத்தேழு மறுபடியும் சிவப்பு விளக்கில் போய் நின்றது.

சாலையில் ஈ காக்கை இல்லை. எதிரே வண்டி இல்லை, போலீஸ் இல்லை. ஆக்சிலேட்டரைத் தொட்டால் இருநூறில் பறக்கிற வண்டி. அதில் உட்கார்ந்துகொண்டு, பச்சை விழட்டும் என்று ஒரு மனிதன் காத்திருப்பதைப் பார்க்கப் பார்க்கப் புள்ளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நிஜச் சாலையாக இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பான். இது வீடியோ கேம். எட்டுப் பேர் இரண்டு வருடம் கண் வலிக்க உட்கார்ந்து கட்டிய நகரம். எந்தத் தெருவிலும் நுழையலாம், எதன் மேலும் மோதலாம், போலீஸ் துரத்தும், தப்பிக்க வேண்டும். ஆடிப் பார்ப்பதற்காக இருநூறு பேருக்கு இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். எல்லாரும் ஒரே நகரத்துக்குள்தான் ஓட்டுவார்கள். யார் எங்கே போகிறார்கள், எதை ரசிக்கிறார்கள் என்று புள்ளிவிவரம் எடுப்பவன் புள்ளி. அவன் சொந்தப் பெயரைக் கடைசியாக யார் கூப்பிட்டார்கள் என்பதற்குப் புள்ளிவிவரம் இல்லை.

ஆட்டக்காரர்களுக்கு எண் மட்டும்தான், பெயர் யாருக்கும் தெரியக்கூடாது என்பது முதலாளியின் சட்டம். இருநூறு பேர் சேர்வதும் லேசில் நடக்கவில்லை. கடைசி நாளில் ஆள் குறையவே, வாசல் காவலாளி, தண்ணீர் கேன் போடுகிறவர், எதிர் ஜெராக்ஸ் கடை அம்மா, குடிக்கத் தண்ணீர் கேட்டு மாடியேறி வந்த யாரோ ஒருவர் என்று அகப்பட்டவர்கள் கையிலெல்லாம் எண் எழுதிய சீட்டைத் திணித்து, கேமைப் போனில் ஏற்றிக்கொள்ளச் சொல்லி அனுப்பியவன் புள்ளியேதான்.

இப்போது தொல்லை என்னவென்றால், மற்றவர்கள் இருபது நிமிடம் மோதிவிட்டு, இரண்டு தடவை போலீசில் மாட்டிக்கொண்டு, கொட்டாவி விட்டுப் போய்விடுகிறார்கள். நாற்பத்தேழு மட்டும் ஆறு வாரத்தில் நூற்றறுபது மணி நேரம் ஓட்டியிருந்தது. போலீஸ் துரத்திய நேரம் பூஜ்யம்.

"பெரியவர் வெள்ளிக்கிழமை வர்றார்" என்றார் முதலாளி. "ஆளுங்க எதை ரசிக்கறாங்கன்னுதான் மொதல் கேள்வி கேப்பார். துரத்தலைத்தான் ரசிக்கறாங்கன்னு அறிக்கை குடுத்தது நீதான். ஞாபகம் இருக்குல்ல?"

பணம் போடுகிற பெரியவர் சரி என்றால் கேம் வெளியே வரும். வேண்டாம் என்றால் எட்டுப் பேரும் வெளியே போகவேண்டியதுதான். முதலில் போவது யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

"அந்த நாப்பத்தேழை எப்படியாவது ஓட வை" என்றார் முதலாளி. "அதிகமா ஆடறவனே துரத்தலை ரசிக்கலைன்னா, நாம எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேசறது?"

புள்ளி நாற்பத்தேழின் நேரக்கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தான். நாற்பது நிமிடம் ஒரு துண்டு, இரண்டு மணி நேரம் ஒரு துண்டு, பதினைந்து நிமிடம் ஒரு துண்டு. எல்லாம் பகலில். ஞாயிற்றுக்கிழமை கிடையாது. வேலையில்லாதவன் என்றால் ஞாயிறு ஏன் விடுமுறை? நோயாளி என்றால் ராத்திரி ஏன் ஆடவில்லை? யாரோ சம்பளம் வாங்கிக்கொண்டே ஆடுகிறான் என்பது வரை கண்டுபிடித்து, அதற்கு மேல் போகமுடியாமல் விட்டுவிட்டான்.

முதல் வைத்தியம் போலீசுக்கு. வேகம் ஒரு கிலோமீட்டர் கூடினாலும் துரத்து என்று கெடுபிடியை ஏற்றினான். நாற்பத்தேழு நாற்பதுக்கு மேல் போனால்தானே? மாட்டிக்கொண்டதெல்லாம் மற்றவர்கள். நாய்க்கு ஹாரன் அடித்தேன், பதினோரு போலீஸ் வண்டி வந்து என்னை ஆற்றில் தள்ளிவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒரே நாளில் முப்பது பேர் ஆட்டத்தை அழித்துவிட்டார்கள்.

இரண்டாவது வைத்தியத்துக்கு சிக்னல் அக்காவின் தயவு வேண்டியிருந்தது. ஊரிலுள்ள சிவப்பு, மஞ்சள், பச்சை அத்தனையும் அந்த அக்காவின் கைவேலை. எட்டு மாதம் உழைத்துச் செய்த விளக்குகளை ஒரு ஜீவன்கூட மதிக்காமல் தாண்டிப் போவதைப் பார்த்து உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தவர். நாற்பத்தேழு வந்த பிறகுதான் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம்.

"அக்கா, அவன் நிக்கற சிக்னல்ல மட்டும் சிவப்பு மாறவே கூடாது. எத்தனை நேரம்தான் நிப்பான்? வெறுத்துப்போய்த் தாண்டுவான். போலீஸ் பிடிச்சுக்கும்."

"என் விளக்கை மதிக்கறவன் இந்த உலகத்துல ஒருத்தன்தான் இருக்கான். அவனையும் கெடுக்கச் சொல்றியா?"

முதலாளி பெயரைச் சொன்ன பிறகுதான் அக்கா விசைப்பலகையைத் தொட்டார். தொட்டபோது கண் கலங்கியிருந்தது.

நாற்பத்தேழு வந்தது. நின்றது. பத்து நிமிடம், அரை மணி, ஒரு மணி. வைப்பரை ஒரு தடவை போட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டது. அதைத் தவிர அசைவில்லை. பின்னால் வந்த ஆட்டக்காரன் ஒருவன் இடித்துப் பார்த்தான், ஹாரன் அடித்தான், பிறகு என்ன தோன்றியதோ, அவனும் பின்னால் நின்றுவிட்டான். அவனைப் பார்த்து இன்னொருவன். இரண்டாம் மணி நேரத்தில் வரிசை பாலத்தைத் தாண்டி வளைந்திருந்தது. துரத்த வந்த போலீஸ் வண்டிகளும் வழியில்லாமல் வரிசையில் நின்றன. நின்றவர்கள் தங்களுக்குள் எழுதிப் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஒருவர் மகளின் பரீட்சையைப் பற்றிச் சொன்னார். இன்னொருவர் முதுகுவலிக்கு மருந்து சொன்னார். அழித்துவிட்டுப் போன முப்பது பேரும் திரும்பி வந்து வால்பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

நகரத்தின் மற்ற தெருக்களில் துரத்தவும் ஆளில்லை, ஓடவும் ஆளில்லை.

"கார் சேஸ் கேம் பண்ணச் சொன்னா ரேஷன் கடை பண்ணி வெச்சிருக்கியே" என்றார் முதலாளி.

அக்கா மட்டும் வரிசையைப் படம் எடுத்துத் தன் கணினியின் முகப்பில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, மனைவியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகும்போது புள்ளிக்கு அதே நினைப்பு. பழக்கதோஷத்தில் வாய் மட்டும் தன்பாட்டுக்கு, மஞ்சள் விழுந்துடுச்சு போ, லாரி வர்றதுக்குள்ள போ, இடது பக்கம் இடம் இருக்கு போ என்று சொல்லிக்கொண்டே வந்தது. மனைவி வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

"நீங்க ஓட்டறீங்களா, நான் ஓட்டட்டுமா?"

"நீதான் ஓட்டற. எனக்குத்தான் ஓட்டத் தெரியாதே."

"அது தெரியுதுல்ல?"

மீதி வழியெல்லாம் அவன் வாயை மூடிக்கொண்டு வந்தான். அப்படி மூடிக்கொண்டிருந்தபோதுதான் மூன்றாவது வைத்தியம் உதித்தது. தானாக ஓடாதவனை ஓட்டுவதற்கு ஆள் வேண்டும். நாற்பத்தேழு சிக்னலில் நிற்கும்போது வங்கிக் கொள்ளையர் இருவர் மூட்டையோடு ஓடிவந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டு, போ, போ என்று விரட்டினால்?

கொள்ளையருக்குக் குரல் கொடுத்தது முதலாளியும் புள்ளியும். வேறு ஆளுக்கு நேரமில்லை. "போ! போ! சீக்கிரம் போ!" என்று இருவரும் மூடிய அறைக்குள் கத்திப் பதிவு செய்தார்கள். புதன்கிழமை மதியம் கொள்ளையர்கள் ஏறினார்கள்.

அடுத்த நான்கு நிமிடம் பத்து வினாடிக்கு அலுவலகத்தில் யாரும் மூச்சு விடவில்லை.

நாற்பத்தேழு பறந்தது. சந்துக்குள் புகுந்து, சந்தைக்குள் ஒரு கூடையும் சாயாமல் வெளியேறி, இரண்டு லாரிக்கு நடுவில் கண்ணாடியை மடக்கிக்கொண்டு நுழைந்தது. துரத்திய பதினெட்டு போலீஸ் வண்டிகளும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு நின்றன. இந்த ஆட்டத்தில் இதுவரை யாரும் அப்படி ஓட்டியதில்லை. ஓட்டமுடியும் என்று அதைக் கட்டியவர்களுக்கே தெரியாது. வண்டியில் ஒரு கீறல் இல்லை. கொள்ளையர் இறங்கவேண்டிய வாசலில், படிக்கு நேராக, கதவு திறக்கிற மாதிரி கொண்டுபோய் நிறுத்தியது. பிறகு நாற்பத்தேழு தானே இறங்கிவந்து அவர்களுக்குப் பின்கதவைத் திறந்துவிட்டது.

"பாத்தியா, ரசிக்கறான்" என்று முதலாளி புள்ளியைக் கட்டிக்கொண்டார்.

நாற்பத்தேழு வண்டியை மரநிழலில் நிறுத்தியது. அணைத்துவிட்டுப் போனது. வியாழக்கிழமை முழுவதும் வரவில்லை.

வரிசையில் நின்றவர்கள் காலையில் வந்து பார்த்தார்கள், எங்கே அவர் என்று கேட்டார்கள், காத்திருந்தார்கள், ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். மாலையில் அந்த நகரத்தில் மூன்றே பேர் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் முதலாளியும் புள்ளியும். மூன்றாவது சிக்னல் அக்கா. தன் விளக்கின் கீழே வண்டியை நிறுத்திவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தார். வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்டோமே என்று புள்ளி மனசாரத் தன்னையே திட்டிக்கொண்டான். கொள்ளையரை எடுத்தான். போலீசைப் பழையபடி சாந்தமாக்கினான். சிவப்பு ஒன்றரை நிமிடத்தில் மாறட்டும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனான்.

வெள்ளிக்கிழமை பெரியவர் வந்தார். தெருமுனையில் டயர் கிறீச்சிடும் சத்தம் மேலே மாடிவரை கேட்டது.

"அரை மணி நேரத் தூரம். பதினாறு நிமிஷத்துல வந்தோம்" என்று நாற்காலியில் உட்கார்ந்தார் பெரியவர். "நான் பின்னாடி உக்காந்தேன்னா வண்டி தன்னால பறக்கும். சரி, உங்க கேமைக் காட்டுங்க."

பெரிய திரையில் நகரத்தைக் காட்டினார்கள். காலியாக இருந்தது. முதலாளி துரத்தலின் மகிமையைப் பற்றிப் பேசினார். பேசப் பேச அவர் குரல் உள்ளே போனது. துரத்தறதுக்கு ஆளே இல்லையே என்று பெரியவர் கேட்டார். புள்ளி தன் மேசைச் சாமான்களை எந்தப் பையில் அள்ளிக்கொண்டு போவது என்று யோசிக்க ஆரம்பித்திருந்தான்.

அப்போது மரநிழலில் ஒரு வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பியது.

"நாப்பத்தேழு!" என்று அக்கா எழுந்தே நின்றுவிட்டார்.

நாற்பத்தேழு பின்சீட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. பிறகு நாற்பதில் மெதுவாகப் போய், சிவப்பு விளக்கில் நின்றது. யார் யாருக்குச் சொன்னார்களோ, கால் மணி நேரத்தில் அறுபது வண்டி, அரை மணியில் நூற்றிருபது. பச்சை விழுந்தது. எல்லா வண்டியும் முந்தாமல் முட்டாமல் பின்னாலேயே போய் அடுத்த சிவப்பில் நின்றன.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. புள்ளி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். தன் அறிக்கை தப்பு, இந்த ஒரு ஆளால்தான் ஆட்டமே ஓடுகிறது, அவர் எதை ரசிக்கிறார் என்று தனக்குத் தெரியவில்லை என்றான். சொன்ன பிறகு ஆச்சரியமாக மனசு லேசாக இருந்தது.

பெரியவர் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "துரத்தறதுக்கு ஆயிரம் கேம் இருக்கு. சும்மா நிக்கறதுக்கு ஊரையே கூட்டற கேமை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. அந்த ஆள் எதை ரசிக்கறான்னு மட்டும் சொல்லு. பணம் போடறேன். தெரியாத சரக்கை எப்படி விக்கறது?"

பெரியவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். போனை எடுத்து, "வண்டிய எடுப்பா. மேல வந்து பையை வாங்கிக்கோ. அடுத்த இடத்துக்கு லேட்டாச்சு" என்றார்.

திரையில் நாற்பத்தேழு இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டது. ஓரங்கட்டியது. அணைந்தது.

புள்ளி திரையைப் பார்த்தான். பெரியவர் கையிலிருந்த போனைப் பார்த்தான். மாடிப்படியில் ஏறிவரும் செருப்புச் சத்தத்தைக் கேட்டான். ஐம்பது வயசு மதிக்கத்தக்க டிரைவர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். சீட்டைத் திணித்த அன்றைக்குத் தண்ணீர் கேட்டு மாடியேறி வந்த அதே முகம். திரையில் தலைவன் இல்லாமல் நின்ற நூற்றிருபது வண்டியைக் கண்டதும், கையிலிருந்த போனை மெல்லச் சட்டைப்பைக்குள் நழுவவிட்டார்.

"அண்ணே" என்றான் புள்ளி. "நாப்பத்தேழு நீங்கதானா?"

டிரைவர் முதலாளியைப் பார்த்து, அக்காவைப் பார்த்து, கடைசியில் தலையாட்டினார்.

"பயப்படாம சொல்லுங்கண்ணே. அந்தக் கேம்ல உங்களுக்கு என்ன பிடிச்சிருக்கு?"

டிரைவர் பெரியவரின் பையைக் கையில் வாங்கிக்கொண்டார். பணிவாகத்தான் சொன்னார்.

"பின்சீட்டுல யாருமே இல்லைங்க."