உங்கள் கார் ஆற்றைக் கடந்த விவரம்

கீழ்வேளூர்,
ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய அண்ணன் பஞ்சநதம் அவர்களுக்கு, தம்பி மதிவாணன் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நானும் வீடும் வயலும் சௌக்கியம். குறுவை கதிர் வாங்கிவிட்டது. சிங்கப்பூரில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கோயிலுக்குப் போகும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். உங்கள் காரும் சௌக்கியம். நல்ல நிழலில் நிற்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மேற்கொண்டு நிதானமாகப் படிப்பீர்கள்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் பாதியிலேயே கட் செய்துவிடுவீர்கள். மேலும் இது நன்றி சொல்லும் கடிதம். நன்றியை நாலு வரி எழுதித்தான் சொல்ல வேண்டும். ஊருக்குப் போகும்போது காரைப் படுதா போட்டு மூடிவிட்டு, சாவியை என் கையில் கொடுத்து, "வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைடா, பேட்டரி போயிடும்" என்றீர்கள் அல்லவா? தவறாமல் செய்கிறேன். இந்த வாரம் ஸ்டார்ட் செய்தபோது கார் கொஞ்ச தூரம் போய்விட்டது. சீர்காழி தாண்டி, கொள்ளிடத்துக்கு நடுவில் இருக்கும் கோரைத்திட்டு வரைக்கும்.

கோரைத்திட்டு என்றதும் உங்களுக்குப் புரிந்திருக்கும். நம் தங்கை கவிப்ரியா வாழ்க்கைப்பட்ட ஊர். அவர்கள் தெரு வேறு, நம் தெரு வேறு என்று கல்யாணத்தன்று நீங்கள் பேச்சை நிறுத்தினீர்கள். நான் போனில் அவ்வப்போது பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். அதையும் இந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடுகிறேன், தனிக் கடிதம் எதற்கு? போன மாதம் அழுதாள். "சுடர்விழிக்குக் காது குத்தணும்ணே. மாமன் மடி இல்லாம குத்தினா, இவளுக்கு அம்மா வீடே கிடையாதுன்னு ஊரே சொல்லும். யாராச்சும் ஒருத்தர் வாங்கண்ணே" என்றாள். அப்பா அம்மா இருந்தால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இருப்பது நாம் இரண்டு பேர். நீங்களோ கடலுக்கு அந்தப் பக்கம். சரி, மாமன் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தான் என்ற பேச்சு நம் வீட்டுக்கு வரக்கூடாது என்றுதான் உங்கள் காரை எடுத்தேன். கௌரவம் முழுக்க உங்களுக்குத்தான். பங்காளிகளைக் கூப்பிட்டேன். ஒருவருக்கு இடுப்பு வலி, ஒருவருக்கு வயலில் ஆள், ஒருவர் போனையே எடுக்கவில்லை. ஆக, பதினோரு சீர்த்தட்டு, அதில் ஒன்றில் ஒரு ஜோடி தோடு, கார் மேலே கட்டிய ஒரு வாழைத்தார், நான், மூன்று மாதம் முன்பு வாங்கிய லைசென்ஸ், இவ்வளவுதான் மாமன் வீட்டுப் பரிவாரம்.

வெள்ளிக்கிழமை காலை ஆற்றங்கரைக்குப் போனால் ஆறு நிறையத் தண்ணீர். மேட்டூரில் திறந்துவிட்டிருக்கிறார்கள். திட்டுக்குப் போக இரண்டு பெரிய படகுகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து வைத்திருக்கிறார்கள். கார், டிராக்டர், கறவை மாடு எல்லாம் அதில்தான் போகுமாம். படகுக்காரர் முபாரக் பாய் நல்ல மனிதர். என் முகத்தைப் பார்த்ததுமே சந்தேகப்பட்டு, "தம்பி, நீங்க மெதுவா ஏத்துங்க, நான் கையைக் காட்டுறேன்" என்று பின்னாலேயே நடந்து காரை ஏற்றவைத்தார். நாலு சக்கரத்துக்கும் முட்டுக்கட்டை வைத்தார். அந்த மனிதர் செய்ததெல்லாம் சரி. அதற்குப் பிறகு நான் செய்ததுதான் கொஞ்சம் கூடுதல்.

உங்கள் கார் முதன்முதலாகத் தண்ணீரில் போகிறது. சாமி கும்பிடாமல் எப்படிப் போவது? எலுமிச்சம்பழம் நாலு கொண்டுபோயிருந்தேன். சக்கரத்துக்கு அடியில் வைக்கலாமென்று பார்த்தால் அந்த இடத்தில் கட்டை இருக்கிறது. முபாரக் பாய் மோட்டாரைக் கிளப்பும் மும்முரத்தில் இருந்தார். நான் நாலு கட்டையையும் உருவிவிட்டு, பழத்தை வைத்து, சூடம் ஏற்றிக் கும்பிட்டேன். ஹேண்ட் பிரேக் என்று ஒன்று இருப்பதை டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தார்கள்தான். மேட்டில் நிறுத்தினால் போட வேண்டும் என்றார்கள். நம் பக்கத்தில் மேடு என்றால் வரப்பு. அதன்மேல் யார் காரை நிறுத்தப்போகிறார்கள் என்று அந்தப் பாடத்தை நான் காதில் வாங்கவில்லை. இன்ஜினுக்கும் ஓய்வாக இருக்கட்டும் என்று நியூட்ரலில் வேறு விட்டிருந்தேன். நடு ஆற்றில் படகு மணலில் தட்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. நாலு எலுமிச்சம்பழமும் ஒரே நேரத்தில் நசுங்கின. நல்ல சகுனம் என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கும்போதே கார் என்னைத் தாண்டிப் போய்விட்டது.

பதற வேண்டாம் அண்ணே. முழுதும் போகவில்லை. முன்சக்கரம் இரண்டும் பலகையைத் தாண்டித் தொங்கின, வயிறு பலகையில் உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் குடிக்கக் குனிந்த மாடு மாதிரி உங்கள் கார் கொள்ளிடத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. வாழைத்தார் மட்டும் வழுக்கி ஆற்றோடு போயிற்று. நான் "ஐயோ அண்ணன் கார்!" என்று கத்தினேனாம். தோடு எங்கே, தட்டு எங்கே என்று கேட்காமல் உங்கள் காரைத்தான் கேட்டிருக்கிறேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அப்போது படகில் இருந்த ஜனங்களை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். திட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் கமருன்னிஸா டீச்சர், காலி கேன்களோடு திரும்பும் பால்காரர், சந்தையில் கத்தரிக்காய் விற்றுவிட்டு வந்த இரண்டு பெண்கள். டீச்சர்தான் முதலில் குரல் கொடுத்தார். "நின்னு பாக்காதீங்க! எல்லாரும் டிக்கி மேல ஏறுங்க, பின்பக்கம் கனம் விழுந்தா முன்பக்கம் தூக்கும்" என்றார். அத்தனை பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். முபாரக் பாய் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. கயிற்றைக் கட்டி இழுத்துக்கொண்டே, "கட்டையை எடுக்குற கையை முதல்ல கட்டிப்போட்டிருக்கணும்" என்று பொதுவாகத்தான் சொன்னார். அங்குலம் அங்குலமாகக் கார் பின்வாங்கியது. டிக்கியில் மூன்று நசுங்கல் விழுந்திருக்கிறது. அவை சேதம் அல்ல, உதவி செய்தவர்கள் உட்கார்ந்த அடையாளம்.

கரை வந்ததும் இன்னொரு சங்கடம். வழக்கமாக ரிவர்ஸில் இறக்க வேண்டுமாம். எனக்கு ரிவர்ஸ் இன்னும் பிடிபடவில்லை. முபாரக் பாய் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பிறகு படகையே சுற்றித் திருப்பி, மூக்கைக் கரையில் வைத்தார். டிராக்டருக்குக்கூட இந்த மரியாதை செய்ததில்லையாம்.

காரைக் கரையில் விட்டுவிட்டுத் தட்டுகளை இறக்கினேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சீர்த்தட்டை மாமன் வீட்டு ஜனங்கள் வரிசையாக ஏந்திக்கொண்டு போவதுதானே முறை? எனக்கு இருப்பதோ இரண்டு கை. "மாமன் வீட்டு ஆளுங்க எங்க?" என்று டீச்சர் கேட்டார். "நான்தாங்க." "மத்தவங்க?" நான் ஆற்றைப் பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, பட்டுப்பாவாடை இருந்த தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். கேனை வைத்துவிட்டுப் பால்காரர் இரண்டு தட்டு எடுத்தார். கத்தரிக்காய்க்காரப் பெண்கள் தலைக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று. முபாரக் பாயும் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்துவிட்டார். அண்ணே, எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் பங்காளிகள் வந்திருந்தால் இந்த நடை நடந்திருக்க மாட்டார்கள்.

பந்தல் வாசலில் மாப்பிள்ளை தமிழ்மாறனின் அம்மா பொன்னுத்தாய் நின்றிருந்தார். வரிசையை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் தம்பி, எங்க ஊரு பால்காரன் எப்ப உங்களுக்குப் பங்காளி ஆனான்?" என்றார்.  "இன்னிக்குத்தாங்க அத்தை" என்று சொல்லிவிட்டேன். அத்தை என்று சொன்னபோது நாக்கில் முள் எதுவும் குத்தவில்லை, நீங்களும் ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம். அவர் சிரித்துவிட்டார். "பொறந்த வீட்டு ஜனம் வந்தாச்சு, சொம்புல தண்ணி கொண்டாங்கடி" என்று உள்ளே குரல் கொடுத்தார். முகூர்த்தம் முடியப் போகிறதென்று யாரோ முணுமுணுத்தார்கள். "மாமன் வந்தப்புறந்தான் முகூர்த்தம்" என்று பொன்னுத்தாய் அத்தை அவர்கள் வாயை அடைத்தார்.

தோட்டை உங்கள் பெயரைச் சொல்லித்தான் வைத்தேன். "பெரிய மாமன் பஞ்சநதம் சீர்" என்று சபையில் உரக்கச் சொன்னேன். கவிப்ரியா என்னை நிமிர்ந்து பார்த்தாள். சின்ன வயதிலிருந்து நான் பொய் சொன்னால் கண்டுபிடிக்கிறவள். "பெரியண்ணன் கொடுத்துச்சா?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். அப்போது அவள் முகம் இருந்த இருப்பை எழுத எனக்குத் தெரியவில்லை. குழந்தையை என் மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி காது குத்தினார். சுடர்விழி என் மூக்கைப் பிடித்துத் திருகிக்கொண்டு அழுதாள். உங்கள் காரால்தான் இந்த மூக்குக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது. ரொம்ப நன்றி அண்ணே.

எல்லாம் குறைவில்லாமல் முடிந்தது. நீங்கள் இதற்காக லீவு போட்டு வர வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு அன்பு. நீங்கள் எல்லோரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும்.

என்றும் உங்கள் சொல் தட்டாத தம்பி,
மதிவாணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், மனசு கேட்கவில்லை. எல்லாம் முடிந்தது என்று எழுதினேனே, ஒன்றும் முடியவில்லை அண்ணே. கார் நிற்கும் நிழல் பொன்னுத்தாய் அத்தை வீட்டு வேப்பமரத்து நிழல். நான் பஸ்ஸில்தான் ஊர் திரும்பினேன். "காருக்குச் சொந்தக்காரர் வந்து ஓட்டினா ஏத்துறேன், இந்தத் தம்பி ஓட்டினா எனக்குப் படகே வேண்டாம்" என்று முபாரக் பாய் சொல்லிவிட்டார். காதும் ஒன்றுதான் குத்தியிருக்கிறது. ஆசாரி அடுத்த காதைப் பிடித்தபோது கவிப்ரியா அவர் கையைத் தடுத்துவிட்டாள். "இது பெரியண்ணனுக்கு. அது வந்து மடியில வச்சுக்கட்டும்" என்றாள்.  குழந்தை இப்போது ஒற்றைத் தோட்டோடு திட்டு முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொரு தோடு எங்கே என்று யார் கேட்டாலும், வெறும் காதைத் தொட்டுக் காட்டி, "இது பெரிய மாமா காது" என்கிறது.